வாட்டர்னு சொன்னா தப்பா? பிரிட்டிஷ்லயும் அமெரிக்கன்லயும் அதை எப்படி சொல்றது

நீங்க எழுதினது மூணு வரிதான். வாட்டர்ங்கிற இங்கிலீஷ் வார்த்தையை பிரிட்டிஷ்லயும் அமெரிக்கன்லயும் சரியா எப்படி சொல்றது, மூணு வீடியோ பாத்தேன் மூணும் வேற வேற மாதிரி இருக்கு, சின்ன வயசுல இருந்து வாட்டர்னே சொல்லிப் பழகிட்டேன், நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகப்போறேன், இது தப்பா? இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, அந்த ஒலி எப்படி வருது, நாக்கு எங்க போகுது. இன்னொண்ணு நீங்க நேரா எழுதல, ஆனா கேக்குது: நான் சொன்னா பேஷன்ட்டுக்குப் புரியுமா, அவங்க சொன்னா எனக்குப் புரியுமா. முதல் கேள்விக்கு விவரமா சொல்றேன், ரெண்டாவதை கடைசில எடுத்துக்கறேன், உங்களுக்கு அதுதான் முக்கியம்.

நான் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். ஹைதராபாத்ல ஃபோனடிக்ஸ், அதாவது பேச்சு ஒலிகளைப் பத்தின படிப்பு, படிச்சுட்டு சென்னையில கால் சென்டர் பசங்களுக்கு பல வருஷம் உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தேன். அதுல ரெண்டு வருஷம் இங்கிலாந்துல தண்ணி சப்ளை பண்ற ஒரு கம்பெனியோட பில்லிங் வேலை, அதனால ஒரு ஷிஃப்டுல வாட்டர், வாட்டர் மீட்டர்ங்கிற வார்த்தைகளை எத்தனை வாயில இருந்து எத்தனை விதமா கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. தென் இங்கிலாந்து பேச்சும் பொதுவான அமெரிக்கப் பேச்சும் நான் கத்துக்கொடுத்த விஷயம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து பேச்சை போன்ல கேட்டுப் பழகினதோட சரி, சொல்லிக்கொடுத்தது இல்ல. இன்னொரு விஷயம், தமிழ் எழுத்துல இங்கிலீஷ் ஒலியை எழுதறது எப்பவுமே தோராயம்தான், அதனால நான் எழுதறதைப் படிச்சுட்டு கண்டிப்பா காதாலயும் கேளுங்க. கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி நெட்ல இருக்கு, ஒவ்வொரு வார்த்தைக்கும் யூகே, யூஎஸ் ரெண்டு ஒலியும் தனித்தனியா அழுத்திக் கேக்கலாம்.

நாம சொல்ற வாட்டர்ல இருந்து ஆரம்பிக்கறேன். வான்னு சொல்றப்போ நம்ம மேல்பல்லு கீழுதட்டுக்கிட்ட வந்துடுது. ட்டன்னு சொல்றப்போ நாக்கு நுனி மேல சுருண்டு அண்ணத்துல போய் நல்லா அழுத்தி நின்னுட்டு அப்புறம் விடுது. கடைசி ர் நல்லா துடிச்சு முடியுது. முதல் பாதிக்கும் ரெண்டாவது பாதிக்கும் நாம குடுக்கற பலம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதுல எதுவும் சோம்பேறித்தனம் இல்ல, படிக்காததுனால வந்ததும் இல்ல, தமிழோட விதிப்படி ரொம்ப ஒழுங்கா சொல்றோம். தமிழ்ல ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை ட வந்தா அது மெலிஞ்சு ஒலிக்கும், வீடு, ஆடு சொல்லிப் பாருங்க. வல்லினமாவே ஒலிக்கணும்னா இரட்டிச்சே ஆகணும், பாட்டு, வீட்டு மாதிரி. அதனால டேபிள்ல வர்ற அந்த ஒலி வார்த்தை நடுவுல வந்தா நாம ட்டன்னு எழுதறோம், எழுதினபடியே இரட்டிச்சு சொல்றோம். இங்கிலீஷ்காரனுக்கு அந்த இரட்டிப்பே கிடையாது. அவன் இழுக்கறது முன்னாடி இருக்கற உயிர் ஒலியை, நாம பிடிச்சு நிறுத்தறது நடுவுல இருக்கற மெய்யை. ஒரே வார்த்தையில நீளம் இடம் மாறிப் போயிடுது, கேக்கறவங்க தடுமாறுறதுக்கு பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

அந்த பில்லிங் வேலையில ஒரு பொண்ணு, கரூர் பக்கம், ரொம்ப கெட்டிக்காரி. வயசான ஒரு அம்மா லைன்ல இருக்காங்க, இவ வாட்டர் மீட்டர்ங்கறா, அவங்களுக்குப் புரியல, என்னம்மான்னு திரும்பக் கேக்கறாங்க. இவ சத்தத்தைக் கூட்டி வாட்ட்டர் மீட்ட்டர்ங்கறா. மூணாவது தடவை இன்னும் சத்தமா, இன்னும் அழுத்தமா. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த எனக்கு அன்னைக்குத்தான் அது உறைச்சது. புரியலன்னதும் நாம எல்லாருமே ட்டவைத்தான் இன்னும் அழுத்தறோம், அந்த அம்மாவுக்கு வேண்டியது முன்னாடி இருக்கற உயிர் ஒலியோட நீளம். சத்தம் கூடக்கூட வார்த்தை அவங்ககிட்ட இருந்து தூரமாத்தான் போச்சு.

சரி, பிரிட்டிஷ். டிக்‌ஷனரியில யூகேன்னு போட்டிருக்கறது அந்த நாட்டு ஜனங்க எல்லாரோட பேச்சும் இல்ல. 1917ல டேனியல் ஜோன்ஸ்ங்கற மொழியியல்காரர் ஒரு உச்சரிப்பு அகராதி போட்டார், அதுல அவர் எடுத்துக்கிட்ட மாதிரி, பெரிய போர்டிங் ஸ்கூல்கள்ல பிள்ளைங்களைப் படிக்கவெச்ச தென் இங்கிலாந்துக் குடும்பங்களோட பேச்சு. அதுக்கப்புறம் நிறைய மாறியிருக்கு, ஆனாலும் டிக்‌ஷனரியில போடற யூகே ஒலிக்கு அடிப்படை அந்த வழியில வந்ததுதான். அதுல இந்த வார்த்தை கிட்டத்தட்ட வோட்ட. ட்டவை இரட்டிக்காதீங்க, தமிழ்ல இதை வேற மாதிரி எழுத வழியில்லாம எழுதறேன். முதல்ல உதடு, மெழுகுவத்தி ஊதப்போற மாதிரி குவிச்சுக்கோங்க, மேல்பல்லு எங்கயும் படக்கூடாது. குவளைன்னு சாதாரணமா சொல்லிப் பாருங்க, குவுக்கு அப்புறம் வர்ற வல உதடு ஏற்கனவே குவிஞ்சிருக்கும், அந்த வதான் வேணும். குவிச்ச உதட்டை விரிக்காம அப்படியே நீளமா ஓ. இப்ப தென் இங்கிலாந்துல பேசறவங்களோட அந்த உயிர் நம்ம ஓவுக்கு நல்லாவே பக்கத்துல இருக்கு, அதனால இதுல ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம், ஆன்னு வாயைத் திறக்காம இருந்தா போதும்.

ஸ்பெல்லிங்ல ஏங்கற எழுத்து இருக்கறப்போ ஓ எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. டபிள்யூதான் காரணம். உதட்டைக் குவிக்கற மெய் முன்னாடி வந்தா பின்னாடி வர்ற உயிரும் குவியும். வாட்ச், வாஷ், வாண்ட், வார்னு நாம சொல்ற எல்லாத்துலயும் எழுத்து ஏதான், ஆனா பிரிட்டிஷ்ல ஒலி ஒவுக்கோ ஓவுக்கோ போயிடுது. எல்லாத்துலயும் இல்ல, வாக்ஸ் மாதிரி சிலது தப்பிச்சிருக்கு. இதை அதிசயமா பாக்க வேண்டாம், நம்ம வாயும் இதையேதான் பண்ணுது. பெண் பொண்ணு ஆச்சு, பெட்டி பொட்டி ஆச்சு, பிடி புடி ஆச்சு, வீடு சில ஊர்ல வூடு ஆச்சு. உதட்டு மெய் பக்கத்துல நின்னு உயிரை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு, அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு. வார்டு, வாக், வார்ம், வால்னு ஆஸ்பத்திரியில தினமும் வர்ற வார்த்தைங்க எல்லாத்துக்கும் தென் இங்கிலாந்துல இதே குவிஞ்ச உதடு, இதே நீள ஓதான். வோட், வோக், வோம், வோல். வாட்டர் வந்துட்டா கூட நாலு வந்துடும்.

அடுத்தது நடுவுல இருக்கற ஒலி. நம்ம ட நாக்கைச் சுருட்டி அண்ணத்துல படறது. அவங்களோடது அதுக்கு முன்னாடி, மேல்பல்லுக்குப் பின்னாடி ஒரு மேடு இருக்கே, அங்க நாக்கு நுனி நேரா போய் ஒட்டிட்டு உடனே பிரியறது. அது இங்கிலீஷ் ஒலி, தமிழ்ல இல்லன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. இலங்கைத் தமிழ்ப் பேப்பர் பாத்திருந்தா கிலோமீற்றர், லீற்றர், ரிக்கற்னு எழுதியிருக்கறது கண்ணுல பட்டிருக்கும். நாம அந்த ற்றவை ட்ர மாதிரி படிச்சுட்டு ஏன் இப்படி எழுதறாங்கன்னு யோசிப்போம். யாழ்ப்பாணத்துக்காரங்க வாயில அங்க ர ஒலியே கிடையாது, சுத்தமா அந்த மேட்டுல ஒட்டற மெய், இங்கிலீஷ் ஒலிக்கு நம்ம டவை விட அதுதான் பக்கம்னு காதுக்குத் தெரிஞ்சு எழுதியிருக்காங்க. உங்க கூட வேலை பாக்கற மலையாளி சிஸ்டர் யாராவது இருந்தா, முடியாதுங்கறதுக்கு பற்றில்லன்னு சொல்லச் சொல்லிக் கேளுங்க, நடுவுல வர்றது அதே ஒலிதான். அங்க இரட்டிச்சு வரும், நீங்க அதை ஒத்தையா, சட்டுனு தொட்டு விடணும்.

கடைசி எழுத்து ஆர், தென் இங்கிலாந்துல அது வாயிலயே வராது. முடிவுல ஒரு சின்ன அ, அதுவும் முழு அ இல்ல, வாயைச் சரியாத் திறக்காம விடற அ. தமிழ் இலக்கணத்துல குற்றியலுகரம் படிச்சிருப்பீங்க, பாட்டு, காத்துன்னு முடியறப்போ கடைசி உ ஒரு மாத்திரை இல்லாம அரை மாத்திரையா குறுகும். இங்கிலீஷ்ல பலம் இல்லாத அசையில எந்த உயிர் வந்தாலும் கிட்டத்தட்ட அந்த மாதிரி குறுகிடும், வாட்டர்ல முதல் அசைக்குத்தான் எல்லா மரியாதையும். பாட்டுல உவுக்கு என்ன பண்றீங்களோ அதை இங்க அவுக்குப் பண்ணுங்க. அந்த ஆர் முழுசா செத்துப்போகலங்கறதையும் தெரிஞ்சுக்கோங்க, அடுத்த வார்த்தை உயிர்ல ஆரம்பிச்சா திரும்ப வந்துடும். தனியா சொன்னா வோட்ட, வாட்டர் அண்ட் ஜூஸ்னு சேத்துச் சொன்னா வோட்டரண்ட் ஜூஸ். 1791ல ஜான் வாக்கர்ங்கறவர் போட்ட உச்சரிப்பு அகராதியிலயே லண்டன்காரங்க சில வார்த்தையில ஆரை விழுங்கிடறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார், அப்ப இருந்து பரவின பழக்கம். இங்கிலாந்துல இருந்து அமெரிக்காவுக்கு முதல்ல கப்பல் ஏறிக் குடியேறினவங்க அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, ஆரையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

இப்ப அமெரிக்கன். தமிழ்க்காரங்களுக்கு பிரிட்டிஷ்தான் சுலபம்னு ஒரு நினைப்பு இருக்கு, இந்த வார்த்தையைப் பொறுத்தவரை நான் நேர் எதிரா சொல்லுவேன். அமெரிக்க வாட்டர்ல இருக்கற ரெண்டு மெய்யும் அப்படியே தமிழ் மெய். நடுவுல வர்ற ஒலி டேபிள்ல வர்ற டி மாதிரி வெடிக்காது, நாக்கு நுனி மேட்டை ஒரு தடவை சட்டுனு தட்டிட்டு வந்துடும். அது நம்ம ர. மரம், கரம், சிரி சொல்றப்போ நாக்கு பண்றதேதான். நம்பிக்கை இல்லன்னா ஒரு அமெரிக்கர் சிட்டின்னு வேகமா சொல்றதைக் கேளுங்க, சிரின்னு கேக்கும். கடைசி ஆர் இருக்கே, அது நம்ம ழ குடும்பம். நாக்கு நுனி மேல எழும்பி எதையும் தொடாம நிக்கறது. அமெரிக்கர்கள்ல நிறைய பேர் நுனியைத் தூக்காம நாக்கு நடுவை மேல குவிச்சும் அதே ஒலியைக் கொண்டுவர்றாங்க, காதுக்கு வித்தியாசம் தெரியாது, நாம ழ வழியிலயே போயிடலாம். அதனால அமெரிக்க வாட்டர் கிட்டத்தட்ட வாரழ். கடைசி அசையில அவையும் ழ்வையும் தனித்தனியா சொல்லாம, அவை முழுங்கிட்டு ழ்வையே உயிர் மாதிரி இழுத்து முடிங்க.

தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு இயல், எந்த எழுத்துக்கு நாக்கு எங்க போகுதுன்னு சொல்ற பகுதி. அதுல ரகாரமும் ழகாரமும் ஒரே சூத்திரத்துல வருது, நாக்கு நுனி மேல போய் அண்ணத்தை வருட அது ரெண்டும் பிறக்கும்னு. றகாரத்துக்கும் னகாரத்துக்கும் சொல்றப்போ ஒற்றன்னு சொல்லுது. இதை நான் ஒவ்வொரு பேட்ச்லயும் போர்டுல எழுதிப் போட்டுடுவேன், ஏன்னா நீங்க கேட்ட வித்தியாசம் மொத்தமும் அந்த ரெண்டு வினைச்சொல்லுக்குள்ள இருக்கு. பிரிட்டிஷ்காரன் அந்த இடத்துல ஒத்தறான், அமெரிக்கன் வருடறான். எந்த இங்கிலீஷ் பாடப்புத்தகத்துல படிச்ச விளக்கமும் எனக்கு இவ்வளவு தெளிவா இருந்ததில்ல.

இந்த வருடல் கண்ட இடத்துல வராது, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா வாட்டர் வந்த சந்தோஷத்துல எல்லாத்தையும் ரவாக்கிடுவீங்க. ரெண்டு உயிருக்கு நடுவுல வரணும், பின்னாடி வர்ற உயிர் பலம் இல்லாததா இருக்கணும். பெட்டர், பட்டர், லிட்டர், மீட்டர் எல்லாத்துக்கும் வரும். ஹோட்டல், அட்டாக் மாதிரி பின்னாடி அசையில பலம் விழுந்தா வராது, அங்க அமெரிக்கரும் நல்லா ஒத்தித்தான் சொல்லுவார். அணுவுக்கான வார்த்தையை அட்டம்னு சொன்னா வருடல், அதுவே அட்டாமிக்னு நீண்டா பலம் இடம் மாறிடும், வருடலும் போயிடும். தனித்தனி வார்த்தை ஒட்டினாலும் வரும், கெட் இட் சேர்ந்து கெரிட் மாதிரி. சில விதிவிலக்கு உண்டு, ஆனா பெரும்பாலும் இந்த விதியை நம்பலாம்.

உறுதியா ஒத்தைப் பதில் சொல்ல முடியாத இடம் அமெரிக்க முதல் உயிர். சில வீடியோல வா, சிலதுல வோவுக்கும் வாவுக்கும் நடுவுல, உங்களைக் குழப்பினது இதுவாத்தான் இருக்கும். ரெண்டுமே சரி. அமெரிக்காவுலயே பெரிய டிக்‌ஷனரியான மெரியம் வெப்ஸ்டர் ரெண்டையும் போடுது. மேற்குப் பக்கம், கலிஃபோர்னியா மாதிரி இடத்துல அந்த ரெண்டு உயிரும் ஒண்ணாவே கலந்துபோச்சு, அங்க வான்னுதான் கேக்கும். நியூயார்க் பழைய ஆளுங்க நல்லா உதட்டைக் குவிச்சு வோன்னு இழுப்பாங்க. ஃபிலடெல்ஃபியாவுல வுடர்னு சொல்றவங்க இருக்காங்க, உன்னு குட்டை உயிர், அந்த ஊர்க்காரங்க அதை வெச்சே ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்குவாங்க. அதனால யாராவது அமெரிக்கன்ல இது ஒண்ணுதான் கரெக்டுன்னு அடிச்சுச் சொன்னா, அவர் அவரோட ஊரைச் சொல்றார்னு எடுத்துக்கோங்க. நான் சொல்லிக் கொடுக்கறப்போ வாவையே எடுத்துக்கச் சொல்லுவேன், நமக்கு ஏற்கனவே இருக்கற உயிர், ஆனா உதடு மட்டும் ஆரம்பத்துல குவிஞ்சே இருக்கணும்.

அமெரிக்காவுல எல்லாரும் ஆர் சொல்லுவாங்கங்கறதும் முழு உண்மை இல்ல. 1962ல வில்லியம் லபோவ்ங்கற மொழியியல்காரர் நியூயார்க்ல மூணு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குப் போய், நாலாவது மாடியில இருக்கற பொருளைக் கேட்டு, அங்க வேலை பாக்கறவங்க ஃபோர்த் ஃப்ளோர்னு சொல்றப்போ ஆர் வருதான்னு கவனிச்சார். விலை அதிகமான கடையில ஆர் அதிகமா வந்துச்சு, மலிவான கடையில குறைச்சலா வந்துச்சு. இங்கிலாந்துல எதை விழுங்கினா கௌரவமோ அமெரிக்காவுல அதைச் சொன்னா கௌரவம். ஒலியில சரி தப்புன்னு நாம நினைக்கறது பாதிக்கு மேல யாரு பேசறாங்கங்கறதுதான்னு எனக்கு உறுதியாப் புரிஞ்சது அதைப் படிச்சப்பதான்.

ரெண்டையும் கலக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, எல்லா பேட்ச்லயும் கேப்பாங்க. ஒரு பேச்சை எடுத்தா அதோட எல்லாப் பகுதியையும் எடுத்துக்கோங்கன்னுதான் சொல்லுவேன். ஆரை விட்டா நடுவுல ஒத்தல் இருக்கட்டும், நடுவுல வருடினா கடைசில ழ இருக்கட்டும். ஆனா இது இயற்கைச் சட்டம் இல்ல. ஆஸ்திரேலியாக்காரங்க நடுவுல வருடிட்டு கடைசி ஆரையும் விட்டுடறாங்க, வோரன்னு கேக்கும், அவங்களுக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்ல. கத்துக்கறவங்களுக்கு மட்டும்தான் நான் கலக்காதீங்கங்கறேன், ஏன்னா எங்க இருந்து வந்த பேச்சுன்னு கேக்கறவங்க காது ரெண்டு வார்த்தையில முடிவு பண்ணிட்டு மிச்சத்தை அந்த அச்சுல போட்டுத்தான் கேக்கும், நடுவுல அச்சு மாறினா அவங்களுக்கு வேலை கூடுது. எனக்கே ஆச்சு, டல்லாஸ்ல ஒரு ஹோட்டல்ல உக்காந்து நல்ல பிரிட்டிஷ்ல வோட்டன்னு கேட்டேன், பரிமாற வந்த பையன் ரெண்டு தடவை முழிச்சான், வாரழ்னதும் உடனே போய் எடுத்துட்டு வந்தான். நான் சொன்னதுல உச்சரிப்புப் பிழை இல்ல, அவன் காதுல அந்த அச்சு இல்ல.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. நீங்க சொல்ற வாட்டர் தப்பு இல்ல. வாட்டர் கேன், வாட்டர் டேங்க், வாட்டர் பாட்டில் எல்லாம் இன்னைக்கு தமிழ் வார்த்தைங்க, நம்ம ஊர்ல அதை அப்படித்தான் சொல்லணும். இந்திய இங்கிலீஷும் ஒரு இங்கிலீஷ்தான், அதை அழிச்சுட்டு வேற ஆளா மாறச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. வெளிநாடு போக எழுதற இங்கிலீஷ் பரீட்சைங்கள்லயும் அதைக் கேக்கறது இல்ல. ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்ல நாலு விஷயத்துக்கு சமமா மார்க், அதுல ஒண்ணு உச்சரிப்பு, அங்க பாக்கறது கேக்கறவருக்கு சிரமம் இல்லாம புரியுதாங்கறது. நர்ஸுங்க எழுதற ஓஇடியிலயும் அப்படித்தான், ரோல் ப்ளேல உங்க பேச்சு தெளிவா விளங்குதான்னுதான் பாப்பாங்க, லண்டன்காரர் மாதிரி இருக்கான்னு இல்ல. ஆனா வார்டுல உடம்பு முடியாம, காது மந்தமா, பாதித் தூக்கத்துல இருக்கற ஒரு வயசானவருக்குப் புரியணும்னா, ரெண்டு மாத்தம் மட்டும் பண்ணிக்கோங்க. உதட்டைக் குவிச்சு முதல் உயிரை நீட்டுங்க, ட்டவோட இரட்டிப்பை விடுங்க. இது ரெண்டும் பண்ணினா, ட சுருண்டே இருந்தாலும், கடைசி ர் லேசா வந்தாலும், புரிஞ்சிடும். நான் கேட்ட கால்கள்ல மாறாம பாத்தது இது. நாக்கு இடத்தை மாத்தறது அப்படி இல்ல, சிலருக்கு பத்து நாள்ல வந்துடும், சிலருக்கு ஆறு மாசம் ஆகியும் வேகமா பேசறப்போ பழைய இடத்துக்கே போயிடும், அதனால அதை இத்தனை நாள்ல வரும்னு உங்களுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்.

பழகறதுக்கு நான் குடுக்கற முறை சின்னது. கண்ணாடி முன்னாடி நின்னு ஊ-ஓன்னு பத்து தடவை, பல்லு தெரியக்கூடாது. அப்புறம் அந்த ஊ-ஓவை நீட்டிட்டு கடைசில நாக்கை மேட்டுல தொட்டு அன்னு விடுங்க. தனி வார்த்தையா பழகினா பேச்சுல வராது, அதனால உடனே வாக்கியத்துக்குப் போயிடுங்க. உங்களுக்கு கொஞ்சம் தண்ணி வேணுமா, ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவரட்டுமா, வெந்நீரா சாதாத் தண்ணியான்னு வார்டுல நீங்க நிஜமா கேக்கப்போற நாலு வாக்கியத்தை இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டு போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. யூக்ளிஷ்னு ஒரு சைட் இருக்கு, வார்த்தையைப் போட்டு யூகேன்னு அமுக்கினா நிஜ மனுஷங்க பேசற வீடியோவுல அந்த வார்த்தை வர்ற இடமா எடுத்துக் காட்டும், தினமும் அதுல இருபது பேரைக் கேளுங்க. போன்ல வாய்ஸ் டைப்பிங் சரியா அடிச்சுட்டா நம்ம உச்சரிப்பு சரின்னு நினைச்சுக்காதீங்க, இப்ப அது நம்ம வாட்டரையும் நல்லாவே புரிஞ்சுக்குது.

பேசறதை விட கேக்கறதுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கன்னு நான் வற்புறுத்திச் சொல்லுவேன், பேஷன்ட் டிக்‌ஷனரி மாதிரி பேச மாட்டாங்க. லண்டன்ல நிறைய பேர் நடுவுல நாக்கையே பயன்படுத்தறது இல்ல, இருமறதுக்கு முன்னாடி தொண்டை ஒரு நொடி அடைச்சுக்குமே, அந்த அடைப்பைப் போட்டு வோ-அன்னு சொல்லிடுவாங்க, நடுவுல எழுத்தே இல்லாத மாதிரி இருக்கும். முதல் வாரம் உங்களுக்கு அது வார்த்தையாவே தெரியாது. யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் வயசானவங்க வட்டன்னு குட்டையா, மேட்டர்ங்கற வார்த்தையோட எதுகை வர்ற மாதிரி சொல்லுவாங்க, பழைய வடக்கத்திப் பேச்சு அது. டிக்‌ஷனரியை மட்டும் கேட்டுட்டுப் போனவங்க அங்க திணறுவாங்க. ஸ்காட்லாந்துல கடைசி ஆர் நல்லாக் காதுல விழும், இங்கிலாந்துலயே தென்மேற்கு மூலையில டெவன், கார்ன்வால் பக்கமும் ஆர் உண்டு, அங்க உங்க ர் யாருக்கும் விசித்திரமா படாது.

எந்த ஊர் ஆஸ்பத்திரின்னு நீங்க எழுதல. தெரிஞ்சதும் கீழ போடுங்க, லண்டன்னா எதைக் கேக்கணும், லீட்ஸ்னா எதைக் கேக்கணும்னு தனியா சொல்றேன். கிளாஸ்கோன்னா என்னை விட அங்க ரெண்டு வருஷம் வேலை பாத்த நம்ம ஊர் நர்ஸ் யாராவது சொல்றதுதான் உங்களுக்கு உதவும்.